ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன: பந்தியில் உட்கார்ந்துகொண்டே எடைக்குறைப்புத் திட்டத்தைக் காப்பது எப்படி?

காவிரிக்கரை (திருச்சி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44, உயரம் 158 செ.மீ. பங்குனித் தொடக்கத்தில் 84 கிலோ இருந்தேன். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று உணவை வகுத்துக்கொண்டு, விடியற்காலையில் 45 நிமிடம் நடந்து, இந்த ஐந்து மாதங்களில் 77.6 கிலோவுக்கு வந்திருக்கிறேன். வீட்டில் இருக்கும்வரை எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. சோற்றை அளந்து போட்டுக்கொள்கிறேன், எண்ணெயை ஸ்பூனால் எடுக்கிறேன், மாலையில் பசித்தால் சுண்டல் இருக்கிறது. விசேஷங்களுக்குப் போய் வெளியில் உட்காரும்போதுதான் எல்லாம் தடம் மாறிவிடுகிறது.

ஆனி மாதத்தில் கணவர் வழி உறவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். ஐந்து வகைக் கலந்த சாதம், அப்பளம், வடை, சர்க்கரைப் பொங்கல் என்று இலை நிறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார், "ஒரு நாள்தானே அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் சாப்பிட்டேன். மறுநாள் காலை எடை பார்த்தபோது 1.8 கிலோ கூடியிருந்தது. ஒன்றரை மாத உழைப்பு ஒரே மதியத்தில் போய்விட்டதே என்று மனம் உடைந்து, அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் நடக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை.

இப்போது ஆவணியில் மூன்று திருமணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னதாக என் அப்பாவின் சதாபிஷேகம் திருக்கடையூரில் நடக்கிறது. அங்கே காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் உண்டு. மாதக் கடைசியில் அக்கா மகனின் பிறந்தநாளுக்கு ஓர் உணவகத்தில் பஃபே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எதற்கும் போகாமல் இருக்க என்னால் முடியாது, இருக்கவும் விரும்பவில்லை. பரிமாறுகிறவர் முன்னால் குனிந்து நிற்கும்போதும், சித்தி பக்கத்தில் நின்று "வை, வை" என்று சொல்லும்போதும், யார் மனமும் நோகாமல் எப்படி மறுப்பது என்பதே எனக்குத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கீரைத்தோட்டம் (மதுரை):

சகோதரி, நான் பதினான்கு ஆண்டுகளாக உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். முதலில் அந்த 1.8 கிலோவைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்களை ஒன்பது நாள் முடக்கிப் போட்டது அந்த எண்தான். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும், 1.8 கிலோவுக்கு அது 13,860 ஆகிறது. எவ்வளவு பெரிய தலைவாழை இலையானாலும் ஒரு மதியத்தில் அவ்வளவு உண்ண யாராலும் முடியாது. ஆகவே, ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்.

நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்துவைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். மாதக்கணக்கில் அளந்து சாப்பிடுகிறவருக்கு அந்தக் களஞ்சியம் நிரம்பாமலே இருக்கும் என்பதால், ஐந்து வகைச் சாதம் உண்ட நாளில் அது ஒரேயடியாக நிரம்புகிறது. புளியோதரையிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் அது தானாக வடிந்துவிடும். அதனால்தான், விருந்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள், ஐந்தாம் நாள் பாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஐந்து மாதங்களில் 6.4 கிலோ என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 300 கிராம்; அதாவது நாள்தோறும் 330 கலோரி அளவுக்கு நீங்கள் தேவையைவிடக் குறைத்து உண்டிருக்கிறீர்கள். அந்த வளைகாப்பில் உடலின் தேவைக்கு மேல் 1,000 கலோரி போயிருந்தால்கூட, அது உங்கள் மூன்று நாள் உழைப்பு. மனமுடைந்து திட்டத்தைக் கைவிட்ட ஒன்பது நாட்களோ, நீங்கள் மிதமாகவே சாப்பிட்டிருந்தாலும், அதைப்போல் மூன்று விருந்துகளுக்குச் சமம். விருந்து எடுத்துக்கொண்டது மூன்று நாள், வருத்தம் எடுத்துக்கொண்டது ஒன்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டு, விருந்துகளால் ஒன்றும் ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரையிலான பண்டிகைக் காலத்தில் பெரியவர்களின் எடை எவ்வளவு கூடுகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். கலந்துகொண்டவர்கள் தாங்கள் அதைவிடப் பல மடங்கு ஏறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். ஆனால், அந்தச் சிறிய ஏற்றம் அடுத்த ஆண்டில் இறங்கவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நமக்கு ஆவணியில் தொடங்கும் விசேஷங்கள் நவராத்திரி, தீபாவளி, தை முகூர்த்தம் என்று நீண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொன்றிலும் கால் கிலோ நின்றுவிட்டால் ஆண்டுக் கடைசியில் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே இலையில் விழும் பண்டங்களை எண்ணுவதற்கு முன், இந்த மாதத்தில் எத்தனை இலை என்று காலண்டரில் எண்ணுங்கள். உங்களுக்கு ஐந்து வருகின்றன. மற்ற இருபத்தைந்து நாட்களைச் சிந்தாமல் காத்துக்கொண்டால் ஐந்தையும் தாங்கிக்கொள்ளலாம்.

கரண்டிக்காரர் (கும்பகோணம்):

வணக்கம் அம்மா. நான் இருபத்திரண்டு வருடங்களாகக் கல்யாணச் சமையலில் இருக்கிறேன். இலையின் இந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்குத் தெரியாத சில விஷயங்களை அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பந்தியில் முதல் சுற்றைக் கேட்காமல் போடுவோம், இரண்டாம் சுற்றைக் கேட்டுப் போடுவோம். அதனால் உங்களுக்கு வேண்டாதது எதுவோ, அதை முதல் சுற்றிலேயே, கரண்டி வாளியை விட்டு எழும்பும் முன் சொல்லிவிட வேண்டும். இலையில் விழுந்த பிறகு ஒதுக்கிவைத்தால் சமைத்தவனுக்கும் வருத்தம், சோறும் வீண். இலையின் மேல் கையை லேசாகக் குடைபோல் வைத்தால் போதும். ஒரு வார்த்தையும் பேசாமல் நகர்ந்துவிடுவோம். எங்களுக்கு அது பழகிய சைகை, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இலையில் எந்த இடம் காலியாகிறதோ அங்கேதான் பரிமாறுகிறவன் கண் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இனிப்பை முதலில் தின்று முடித்தால் இனிப்பு வாளிதான் திரும்ப வரும். பொரியலையும் கூட்டையும் முதலில் முடித்தால் அவைதான் வரும். அவற்றை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளலாம்.

கேசரியை எடுத்துக்கொள்ளுங்கள். என் கைக்கணக்கு ஒரு கிலோ ரவைக்கு இரண்டு கிலோ சர்க்கரை, 600 கிராம் நெய், மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கிளறி இறக்கினால் ஆறு கிலோ அளவுக்கு நிற்கும். 60 கிராம் கரண்டியால் போட்டால் நூறு இலைக்கு வரும். அப்படியானால் ஒரு கரண்டி கேசரியில் 20 கிராம் சர்க்கரையும் 6 கிராம் நெய்யும் 10 கிராம் ரவையும் இருக்கின்றன. கலோரிக் கணக்கு எனக்குத் தெரியாது; மேலே எழுதிய உணவியல் அம்மாதான் சொல்ல வேண்டும். வடையில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆட்டும்போது தண்ணீர் கூடிவிட்டால் மாவு எண்ணெயைக் குடித்துவிடும். கையில் எடுத்தாலே விரலில் எண்ணெய் ஒட்டும். அப்படிப்பட்ட வடையை விட்டுவிடுங்கள். சாம்பாரைவிட வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் அதிகம். ரசத்தில் தாளிக்கிற நெய்யைத் தவிர ஒன்றுமில்லை. பொரியலில் எண்ணெய் இருக்கும்தான், ஆனாலும் வறுவலுக்குப் பக்கத்தில்கூட வராது.

சோறு மூன்று முறை வரும்: சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு. முதல் முறையே "பாதி போதும்" என்று வாங்கி, அதையே இலையில் மூன்று பங்காகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு சாப்பிட்டால் ஒரு முறைச் சோற்றில் முழுச் சாப்பாடும் நிறைந்துவிடும். என் அப்பா இப்படித்தான் சாப்பிடுவார். கடைசிப் பந்தியில் மட்டும் உட்காராதீர்கள். மீந்துவிடக் கூடாதே என்று அங்கே எங்கள் கை தாராளமாகிவிடும்.

கீரைத்தோட்டம்:

ஐயா சொன்ன அளவின்படி ஒரு கரண்டிக் கேசரியில் சர்க்கரையால் 80, நெய்யால் 54, ரவையால் ஏறத்தாழ 35, ஆக மொத்தம் 170 கலோரி வருகிறது. சோற்றைப் பொறுத்தவரை, வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. ஆகவே ஒரு கரண்டிக் கேசரி வேண்டுமென்றால் ஒரு கைப்பிடிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு தாராளமாகச் சாப்பிடலாம். இரண்டாம் கரண்டிக்கு அப்படி விட்டுக்கொடுக்க இலையில் எதுவும் மிஞ்சாது. சோற்றை மூன்றாகப் பிரிக்கும் அந்த முறையை இனி என்னிடம் வருகிறவர்களுக்கும் சொல்லப்போகிறேன், நன்றி.

தெற்குவீதி (திருநெல்வேலி):

மேலே எழுதியவர்களோடு ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். எனக்கு வயது 52. மூன்று வருடங்களுக்கு முன் 96 கிலோவிலிருந்து 79க்கு வந்து, அங்கேயே நிற்கிறேன். "ஒரு கரண்டி மட்டும்" என்ற வழி எனக்கு ஒருபோதும் பயன்பட்டதில்லை. ஒரு ஜாங்கிரி உள்ளே போனால் பந்தி முடியும்வரை மனம் அடுத்த ஜாங்கிரியிலேயே நிற்கும். வீட்டுக்கு வந்தும் எதையாவது தேடும். அதனால் விசேஷங்களில் இனிப்பை அறவே தொடுவதில்லை என்று ஒரே முடிவாக எடுத்தேன். எடுத்த பிறகு ஒவ்வொரு இலையிலும் புதிதாக யோசிக்க வேண்டிய பாரம் இல்லாமல் போனது. இரண்டாவது வருடத்திலேயே உறவினர்களுக்கும் பழகிவிட்டது. இப்போது என் இலைக்கு இனிப்பு வாளியைக் கொண்டுவருவதே இல்லை. பாதி விதியைக் காப்பதைவிட முழு விதியைக் காப்பது எளிது என்பது என் அனுபவம்.

காவிரிக்கரை:

தெற்குவீதி அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. முதல் இரண்டு மாதங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு அது வேறு விதமாக முடிந்தது. பகலில் உறவினர் முன்னால் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, தாம்பூலப் பையில் வந்த லட்டை இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் நின்றபடி சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றைத் தின்றதும், எப்படியும் விதி உடைந்துவிட்டதே என்று பிள்ளைகளுக்கு வைத்திருந்த மற்றொன்றையும் தின்றேன். ஆகவே எனக்கு முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சரிவரும் என்று தோன்றுகிறது. திருக்கடையூரில் பாயசம் என்று இன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். தாம்பூலப் பையை வழியிலேயே அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.

தெற்குவீதி:

அந்த இரவு பதினொரு மணி எனக்கும் தெரியும். எனக்கு அது நின்றது வீட்டில் இனிப்பே வைக்காமல் இருந்ததால்தான். வெளியில் தொடாமல் இருந்தது மட்டும் காரணம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது நடக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய தபால்காரர் (சேலம்):

இங்கே எழுதப்படாத ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் பதினோரு வருடங்களாக இருக்கிறது. இரத்தச் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மதியம் நன்றாகச் சாப்பிடப் போகிறோமே, காலையில் கலோரியை மிச்சம் பிடிப்போம் என்று நினைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சிற்றுண்டியைத் தவிர்த்துவிட்டேன். பதினொன்றரைக்குப் பந்தி என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த பேருந்து தாமதமானதால் எல்லாம் தள்ளிப்போய், ஒன்றேகால் மணிக்குத்தான் இலை போட்டார்கள். அதற்குள் எனக்குச் சட்டை நனையும்படி வியர்த்து, கை நடுங்கி, எதிரில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தியின் முகம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருவன் ஓடிப்போய் ஒரு டம்ளர் பானகம் கொண்டுவந்து கொடுத்தான். கால் மணி நேரத்தில் தெளிந்தேன்.

இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் விருந்துக்காகப் பட்டினி கிடக்கவே கூடாது. விசேஷ நாளில் மாத்திரையை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம் கண்டால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கீரைத்தோட்டம்:

ஐயா எழுதியதைத் தயவுசெய்து எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். மாத்திரை எதுவும் எடுக்காதவர்களும் பட்டினியோடு பந்திக்குப் போவது நல்லதல்ல. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டுவதற்குச் சிறிது நேரம் ஆகும். கொலைப்பசியோடு உட்காருகிறவர் அதற்குள்ளாகவே தேவையைத் தாண்டிவிடுவார். புறப்படும் முன் இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு டம்ளர் மோரோ எடுத்துக்கொண்டு போனால் முதல் பத்து நிமிட அவசரம் இருக்காது.

திண்ணை (காரைக்குடி):

இரண்டு பெண்களுக்கும் ஒரு பையனுக்கும் கல்யாணம் செய்துவைத்தவள் நான். உபசரிக்கிற வீட்டுக்காரியின் மனத்தில் என்ன இருக்கும் என்பதை நான் சொன்னால் உனக்குத் தைரியம் வரும் என்று எழுதுகிறேன், அம்மா.

விருந்தாளி எவ்வளவு சாப்பிட்டார் என்று எந்த வீட்டுக்காரியும் அளப்பதில்லை. சாப்பிட்டாரா, முகம் மலர்ந்து எழுந்தாரா என்று மட்டுமே பார்ப்போம். என் பெரிய பெண் கல்யாணத்தில் உறவினர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து, இதில் எத்தனை கலோரி, அதில் எவ்வளவு எண்ணெய் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இலையில் கொஞ்சமாவது சாப்பிட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களோ கைகழுவப் போய்விட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. அதே பந்தியில் என் கணவரின் பெரியம்மா சோறு நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆனால், "ரசம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விடுங்கள்" என்று கையில் வாங்கிக் குடித்தார். எழுந்ததும் சமையல்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் குறைவாகச் சாப்பிட்டார் என்பது அன்றைக்கு யாருக்குமே தோன்றவில்லை.

ஆகவே, "வேண்டாம்" என்று சொல்லாதே, "போதும்" என்று சொல். "வேண்டாம்" என்றால் நாங்கள் கொடுத்ததை ஒதுக்கினாய் என்று மனம் எடுத்துக்கொள்ளும். "போதும்" என்றால் நிறைந்துவிட்டது என்று பொருள். அதைக் கேட்கத்தானே விருந்து வைக்கிறோம்! அப்படியும் யாராவது வற்புறுத்தினால், "இதை நன்றாகச் சாப்பிட்டேன் சித்தி, நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையே, வந்து உட்காருங்கள்" என்று அவர்களைக் கவனிக்கத் தொடங்கிவிடு. வற்புறுத்துகிறவர்களில் பாதிப் பேர் அதுவரை பசியோடு நின்றுகொண்டிருப்பவர்கள்தான்.

மின்ரயில் (தாம்பரம்):

பஃபேயைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் மாதத்துக்கு இரண்டு பிறந்தநாள் விருந்தாவது உணவகத்தில் நடக்கும். பந்தியில் யாராவது போட்டால்தான் உண்டு. பஃபேயில் தடுக்கிறவர் யாரும் இல்லை. கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் தட்டை எடுக்காமல் எல்லா மேசைகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன். எதையெல்லாம் உண்மையாகவே சாப்பிட ஆசைப்படுகிறேன் என்பது அப்போதுதான் தெரிகிறது. வழக்கமாக அது மூன்று நான்கு பண்டங்களுக்கு மேல் இருப்பதில்லை. ஸ்டார்ட்டர் என்று மேசைக்கே கொண்டுவந்து வைப்பவற்றில்தான் ஆபத்து அதிகம். கோபி 65, சிக்கன் 65, பொரித்த பன்னீர் எல்லாம் எண்ணெயில் முங்கி எழுந்தவை, பேச்சுவாக்கில் எண்ணாமல் உள்ளே போகிறவை. அவற்றுக்குப் பதிலாகத் தந்தூரி அடுப்பில் சுட்ட கோழியையோ மீனையோ கேட்கிறேன். மேலே வெண்ணெய் தடவ வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். எலுமிச்சைச் சோடாவை உப்புப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பிரியாணிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒருமுறை முழுப் பிரியாணி ஒன்றைப் பொட்டலமாக வீட்டுக்கு வாங்கிவந்து, இறைச்சியைத் தனியே எடுத்துவிட்டுச் சோற்றை மட்டும் தராசில் வைத்தேன். 380 கிராம் இருந்தது. எண்ணெயும் இறைச்சியும் நீங்கலாகச் சோறு மட்டுமே ஏறக்குறைய 500 கலோரி. அன்றிலிருந்து கடையில் ஒரு பிரியாணியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறோம், கோழி வறுவலையோ முட்டையையோ தனியாக வாங்கிக்கொள்கிறோம். யாருக்கும் குறையாகத் தோன்றுவதில்லை.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் பண்டங்களின் கலோரி அளவைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. போவதற்கு முதல்நாளே அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்துவிடலாம். மேசையில் உட்கார்ந்து, சுற்றிலும் மணம் வரும்போது எடுக்கிற முடிவு நம் முடிவாக இருக்காது.

காவிரிக்கரை:

திருக்கடையூர் போய்வந்து ஆறு நாட்கள் ஆகின்றன. நடந்ததை எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

காலையில் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினேன். கோவிலில் கலசாபிஷேகம் முடிந்து, அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் விழுந்து வணங்கி எழும்போது பத்தரை ஆகிவிட்டது. சிற்றுண்டியில் ஓர் இட்லியும் காபியும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பொங்கல் வாளி வந்தபோது கையைக் குடைபோல் வைத்தேன்; கரண்டிக்காரர் ஐயா சொன்னது போலவே அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டான். இத்தனை எளிதான ஒன்றுக்காக இத்தனை நாள் தவித்தேனே என்று இருந்தது.

மதியப் பந்தியில் சோற்றைப் பாதி வாங்கி மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். வாழைப்பூப் பொரியலை இரண்டு முறை வாங்கினேன். சித்தி வந்து நின்றபோது, திண்ணை அம்மா சொன்னபடி, "போதும் சித்தி, நிறைந்துவிட்டது. நீங்கள் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்களே" என்றேன். உடனே அவர், "காபிகூட இன்னும் குடிக்கவில்லை, கண்ணே" என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் திட்டமிடாதது ஒன்று நடந்தது. எனக்கு வலப்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். அசோகா அல்வா வந்தது. அப்பா தன் இலையில் விழுந்ததில் பாதியை விரல்களால் பிட்டு, என் இலையின் ஓரத்தில் வைத்தார். நான் சிறுமியாக இருந்தபோது, ஒவ்வொரு கல்யாணத்திலும் தன் பங்கு இனிப்பை அப்படித்தான் எனக்குப் பிட்டுவைப்பார். என் திட்டத்தில் பாயசம்தான் இருந்தது, அசோகா இல்லை. அதைச் சாப்பிட்டேன். மெதுவாக, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டேன். பாயசம் வந்தபோது கையைக் குடையாக வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து நடக்கப் போனேன், எடை பார்க்கவில்லை. ஐந்தாம் நாளான நேற்றுப் பார்த்தேன், 77.4 இருந்தது.

தெற்குவீதி:

படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, தங்கச்சி. ஒன்றை மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல்ல வேண்டும்: அசோகாவுக்குப் பிறகு இன்னும் வேண்டும் என்று தோன்றவில்லையா?

காவிரிக்கரை:

தோன்றியது அண்ணா. இரவு வீட்டுக்கு வந்த பிறகும் தோன்றியது. தாம்பூலப் பை அக்கா வீட்டில் இருந்ததால் தப்பித்தேன். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. வீட்டுக்குள் வரக் கூடாது.

அடுத்த வியாழக்கிழமை கும்பகோணத்தில் திருமணம், காலை முகூர்த்தம். கரண்டிக்காரர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மண்டபக் காபியில் சர்க்கரை மிகுதியாக இருக்கிறது. திருக்கடையூரில் குடித்த ஒரு டம்ளரே திகட்டியது. அங்கே போய்ச் சர்க்கரை இல்லாமல் கேட்டால் தருவார்களா, அல்லது காபியையே விட்டுவிட வேண்டுமா?

கரண்டிக்காரர்:

விட வேண்டாம் அம்மா. கூட்டம் சேர்ந்த பிறகு சர்க்கரையைப் பாத்திரத்திலேயே கலந்துவிடுவார்கள். பந்திக்கு வருகிற காபி அதுதான். அதில் சர்க்கரை குறைக்கச் சொல்லிப் பயன் இல்லை. ஆனால் வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொடுப்பதற்காகக் கலக்காத பாலும் டிக்காக்‌ஷனும் எல்லாச் சமையல் கட்டிலும் தனியாக இருக்கும். பந்தியிலிருந்து எழுந்து, காபி போடுகிற அடுப்புக்கு நேராகப் போய், "சர்க்கரை போடாமல் அரை டம்ளர்" என்று கேளுங்கள். ஆறரை மணிக்குள் போனால் முதல் டிக்காக்‌ஷன் கிடைக்கும். அதற்குச் சர்க்கரையே தேவைப்படாது.